கொமாண்டர் ஓரினுக்குக் குரல் கொடுத்தவர்

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் மோர்டென்ஸ்ருட் என்ற ஒஸ்லோப் புறநகரில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருந்தவர்கள்:

அப்பா, சூசைரட்ணம். போன வருடம் வரை ஒஸ்லோவில் பஸ் ஓட்டியவர். பூசைக்குப் போடும் வெள்ளைச் சேர்ட்டில் இருந்தார்.

அம்மா, மரியரஞ்சனி. முதியோர் இல்லம் ஒன்றில் சமையல் வேலை. குசினி வாசலில் நின்றார். கடைசிவரை உள்ளே வந்து இருக்கவில்லை.

அக்கா எமிலியா. சட்டம் படித்தவள், அரசாங்க வேலை.

தோர்கைர். நோர்வேக்காரன், ஐம்பதை நெருங்குகிறவன். மேசையில் நின்ற மைக் அவனுடையது.

மேசையிலிருந்த லாப்டொப் திரையில் இரண்டு பேர். ஒருத்தி, பழைய ஜப்பானியக் கார்ட்டூன்களைத் துப்புரவாக்கி டிஸ்க்கில் வெளியிடும் அமெரிக்கக் கொம்பனிக்காரி. மற்றவன் கொலின், எண்பதை எட்டும் ஆங்கிலேயன், தன் வீட்டுப் புத்தக அலுமாரிக்கு முன்னால்.

நான், டெனிஸ். களஞ்சியத்தில் இரவுவேலை முடித்துவிட்டு நித்திரை கொள்ளாமல் வந்தவன்.

கொமாண்டர் ஓரினுக்குக் குரல் கொடுத்தது கொலினா, அப்பாவா என்று அன்று முடிவாக வேண்டும். அப்பாதான். அது எங்கள் குடும்பத்தில் நாலு பேருக்கும் தெரியும். அம்மாவும் அக்காவும் அவர் தோற்கவேண்டும் என்று இருந்தார்கள். அப்பா என்ன செய்யப்போகிறார் என்பது அவருக்கே தெரியுமோ தெரியாது.

'ஒன்பதாவது துறைமுகம்' எண்பதுகளில் வந்த கார்ட்டூன் தொடர். நிலம் எல்லாம் கடலுக்குள் போனபிறகு, மிஞ்சிய கப்பல்கள் ஒன்றையொன்று வேட்டையாடும் கதை. ஓரின் எதிரிகளின் தளபதி. கடைசிப் பாகத்தில் தன் கப்பலோடு தாழ்கிறான். மலிவாக முடியும் என்று அதை ஹொங்கொங்கில் வைத்து ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். அந்த வீடியோ கசெற்றுகள் நோர்வேக் கடைகளுக்கும் வந்தன. தோர்கைரைப் போன்றவர்கள் அதைப் போட்டுப் போட்டுப் பார்த்துத்தான் ஆங்கிலம் பழகினார்கள்.

அப்பா ஹொங்கொங் போனது கார்ட்டூனுக்காக அல்ல. கப்பலில் இயந்திர அறை துடைக்கப் போனவர். கப்பல் கொம்பனி முறிந்து, ஆட்களை அந்தத் துறைமுகத்திலேயே இறக்கிவிட்டது. மன்னாருக்குத் திரும்ப முடியாது. அப்போது அங்கே அவர் வயதுக்காரர்களை வீதியில் கண்டாலே இராணுவம் அள்ளிக்கொண்டு போனது. விசா முடிந்தும் நின்றார். ஒரு கட்டடத்தின் கீழே சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். மேல்மாடியில் ஒலிப்பதிவு அறை இருந்தது. அங்கே தேத்தண்ணி கொண்டுபோவதும் அவர் வேலை.

ஓரினுக்குப் பேச வேண்டியவன் ஒரு நாள் குடிவெறியில் விழுந்து கிடந்தான். இயக்குநர் ஓர் அவுஸ்திரேலியப் பெண். தட்டோடு நின்ற அப்பாவிடம் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். அவர் குருவானவராகப் போய், ஆறு வருடம் குருமடத்தில் இருந்து, துரத்தப்பட்டவர். ஏன் துரத்தினார்கள் என்று கேட்டால் அம்மாதான் சிரிப்பார். அங்கே அவருக்கு ஆங்கிலம் படிப்பித்தவர் ஐரிஷ் பாதிரியார் ஒருவரிடம் படித்த தமிழ்ப் பாதிரியார். ஆகவே அது எந்த ஊர் ஆங்கிலம் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. இணையத்தில் ஓரினின் உச்சரிப்பைப் பற்றி வருடக்கணக்காகச் சண்டை நடக்கிறது. வேல்ஸ் என்கிறான் ஒருவன். டச்சுக்காரன் என்கிறான் இன்னொருவன். ஒருவனும் மன்னார் என்று சொல்லவில்லை.

இரண்டு வருடம் அங்கே வேலை செய்தார். அறைக்கு ஒரு மைக்தான். நாலு பேர் அதைச் சுற்றி நிற்பார்கள். பேசுபவன் முன்னால் வர, பேசி முடித்தவன் பின்வாங்குவான். எழுதித் தரும் வசனம் படத்திலிருக்கும் வாய்க்குப் பொருந்தாது. வாய் மூடினபிறகும் சொல் மிஞ்சும், அல்லது சொல் முடிந்தும் வாய் ஆடிக்கொண்டிருக்கும். அந்த இடங்களில் ஓர் இருமல், ஒரு மூச்சு, ஒரு 'ம்' போட்டு அடைப்பார்கள். கத்துவதும் சாவதும் கடைசியில்தான், தொண்டை போய்விடும் என்பதால். ஓரினைத் தவிர, பெயரில்லாத சிப்பாய்களுக்காகவும் அப்பாதான் செத்தார். குண்டுபட்டு, தண்ணீரில் மூழ்கி, உயரத்திலிருந்து விழுந்து என்று ஒவ்வொரு சாவுக்கும் ஒவ்வொரு சத்தம்.

கசெற்றின் கடைசியில் ஓடும் பெயர்களில் சூசைரட்ணம் இல்லை. வேலை அனுமதி இல்லாதவர்களுக்கும், வேறு வேலையில் இருந்துகொண்டு ஒளித்துச் செய்தவர்களுக்கும் சேர்த்து அந்த அறையில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: ஜோன் மார்ச். அப்பாவும் ஜோன் மார்ச். பகலில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த கொலினும் ஜோன் மார்ச்.

1988இல் ஓர் ஏஜென்சிக்காரன் அவரை ஒஸ்லோவுக்கு அனுப்பினான். விமானத்தில் ஏற்றும்போது சொன்னது ஒன்றுதான்: ஹொங்கொங் என்று வாய் திறக்காதே, இரண்டு வருடம் வேறு நாட்டில் பத்திரமாக இருந்தவனுக்கு அங்கே இடம் கிடையாது, கொழும்பிலிருந்து நேரே வந்தேன் என்று சொல். அப்படியென்றால் அந்த இரண்டு வருடம் எங்கே இருந்தாய் என்று கேட்பார்களே? அதற்கு அப்பாவிடம் ஒரு பதில் இருந்தது. அவருடைய அண்ணன் பிலேந்திரனை அந்த வருடங்களில்தான் இராணுவம் பிடித்து முகாமில் வைத்திருந்தது. விட்டபிறகு சில மாதங்கள் உயிரோடிருந்து, நடந்ததையெல்லாம் கடிதங்களில் எழுதிவிட்டுச் செத்தார். அப்பா அந்த முகாமை, அந்தத் தண்ணீர்த் தொட்டியை, அந்த இரும்புக் கட்டிலைத் தன்னுடையதாகச் சொன்னார். விசாரித்த அதிகாரி அழுததாகச் சொல்வார்கள். அண்ணன் பட்டதற்குத் தம்பி வாயசைத்தார். நோர்வேயில் அவர் செய்த டப்பிங் அது ஒன்றுதான்.

எங்களுக்கும் அதையே சொல்லி வளர்த்தார்கள். அப்பா முகாமில் இருந்தவர். முதுகைப் பற்றிக் கேட்கக் கூடாது. எமிலியா பத்தாம் வகுப்பில் அதைப் பற்றிக் கட்டுரை எழுத, பள்ளிக்கூட அதிபர் அவளை மேடைக்குக் கூப்பிட்டு வாசிக்க வைத்தார். அப்பா முன்வரிசையில் இருந்து கேட்டார். எங்களுக்குச் சித்திரவதைப்பட்ட அப்பா ஒருவர் இருந்தார். இந்தப் பங்குனியில் அவர் போய்விட்டார். பதிலுக்கு ஒரு கார்ட்டூன் வில்லன் வந்தான்.

கொண்டுவந்தவன் தோர்கைர்.

அவன் மனைவி பிலிப்பினாக்காரி. ஒருமுறை ஞாயிறு ஆங்கிலப் பூசைக்கு அவளோடு வந்து பின்வரிசை வாங்கில் இருந்திருக்கிறான். அப்பா பைபிளிலிருந்து முதலாம் வாசகம் வாசித்தார். வருடக்கணக்காக வாசிக்கிறவர்தான். பூசை முடிந்ததும் தோர்கைர் முற்றத்தில் அவர் முன்னால் வந்து நின்றான். முகம் சிவந்திருந்தது என்று அப்பா சொன்னார்.

"நீங்கள்தானே ஓரின்?"

அப்பா ஓம் என்றார்.

"ஏன் அப்பா ஓம் எண்டனீங்கள்?" என்று பிறகு நான் கேட்டேன். "இல்லை எண்டால் முடிஞ்சிருக்குமே?"

"அதுக்கு முதல் ஒருத்தனும் கேக்கேல்லை," என்றார்.

தோர்கைர் சும்மா இருப்பவன் அல்ல. அந்தத் தொடரை விரும்புகிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு தளம் நடத்துகிறான். ஓரின் ஒஸ்லோவில் இருக்கிறார், அகதியாக வந்து பஸ் ஓட்டியவர், பெயர் விரைவில் என்று எழுதிவிட்டான். அமெரிக்கக் கொம்பனி அந்த நேரம்தான் தொடரைப் புதிதாக வெளியிடுகிறது. அவர்கள் அப்பாவின் உண்மைப் பெயரைப் போடவும் பேட்டி எடுத்து டிஸ்க்கில் சேர்க்கவும் கேட்டார்கள். கொலின் அவர்களுக்கு எழுதினான்: ஓரின் நான், முப்பது வருடமாக எல்லா மேடையிலும் சொல்லி வந்திருக்கிறேன், யார் இந்த பஸ்காரன்? அந்த அறையில் வேலை செய்த மற்றவர்கள் செத்துவிட்டார்கள். கொம்பனிக்காரி நல்ல யோசனை ஒன்று சொன்னாள். இரண்டு பேரும் நேரே பேசிக் காட்டட்டும்.

அதற்கு முந்திய ஞாயிறு அக்கா என்னையும் வரச் சொன்னாள். மத்தியானச் சாப்பாட்டு மேசையில்தான் தொடங்கினாள்.

"அப்பா, எண்பத்தாறிலை நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?"

"ஏன், உனக்குத் தெரியாதே இப்ப?"

"எனக்குத் தெரியும். குடிவரவுத் திணைக்களத்துக்கு என்ன சொன்னனீங்கள்?"

அப்பா மீன்முள்ளை எடுத்துக் கோப்பை விளிம்பில் வைத்தார்.

"காம்ப் எண்டு சொன்னனீங்கள்," என்றாள் எமிலியா. "டிஸ்க்கிலை ஹொங்கொங் எண்டு வரும், உங்கடை முகத்தோடை, வருசத்தோடை. ரெண்டையும் ஒருத்தர் பக்கத்திலை வைச்சுப் பாத்தால் காணும்."

"ஆர் பாக்கிறது? ஆருக்கு வேலையில்லை?"

"அதுதான் அப்பா வேலையே. அதுக்கெண்டு சம்பளத்துக்கு ஆக்கள் இருக்கினம். பொய் சொல்லி எடுத்த குடியுரிமையைத் திருப்பி எடுக்கலாம். அதுக்குக் காலக்கெடு இல்லை."

"முப்பத்தேழு வருசம் பிள்ளை. வரி கட்டியிருக்கிறன். பனிக்குள்ளை பஸ் ஓட்டியிருக்கிறன்."

"எடுப்பினம் எண்டு சொல்லேல்லை. எடுக்கலாம் எண்டு சொல்லுறன். எனக்கும் தம்பிக்கும் ஒண்டும் வராது. உங்களுக்கு வரலாம். அம்மா உங்கடை விசாவிலை வந்தவ. அவவுக்கும் வரலாம்."

அம்மா அதுவரை கறிச்சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் எங்கை போறது?" என்றார். "மன்னாரிலை எங்கடை வீட்டிலை இப்ப ஆர் இருக்கினம் எண்டே தெரியாது. அறுபத்துநாலு வயசிலை நான் போய் ஆரின்ரை வாசல்லை நிக்கிறது?"

"அனுப்பமாட்டினம் அம்மா," என்றேன். "லோயர் பிடிச்சு வழக்காடலாம். அப்பா சொல்லட்டும். ஒருக்கா எண்டாலும் அவரின்ரை பேர் வரட்டும்."

எமிலியா என் பக்கம் திரும்பினாள். "நீ கதையாதை. படிப்பைப் பாதியிலை விட்டுட்டு அம்மருட்டிலை ஒரு அறைக்குள்ளை படுத்துக் கிடக்கிறவனுக்கு இழக்க என்ன இருக்கு?"

"கட்டில் இருக்கு," என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்பா சொன்னார்: "நான் காசு கேக்கேல்லை. சிலை வைக்கச் சொல்லிக் கேக்கேல்லை. கடைசியிலை ஓடுற எழுத்திலை ஒரு பேர்."

"சூசைரட்ணம் எண்டு போட்டால் அவங்களுக்கு வாசிக்கவும் தெரியாது," என்றார் அம்மா.

"சரி. அப்ப நான் வரேல்லை எண்டு சொல்லிவிடுறன். சுகமில்லை எண்டு."

"அது காணாது," என்றாள் எமிலியா. இதையெல்லாம் முன்பே யோசித்து வைத்திருந்தாள் என்பது தெரிந்தது. "அவன் ஏற்கெனவே எழுதிப்போட்டான். நீங்கள் விலகினால் இன்னும் கிண்டுவாங்கள். ஏன் விலகினார், ஆர் அவர், எங்கை இருந்தவர் எண்டு. நீங்கள் கதைச்சு, அது நீங்கள் இல்லை எண்டு எல்லாருக்கும் தெரியவேணும். அப்பதான் விடுவாங்கள்."

அப்பா கோப்பையைத் தள்ளி வைத்தார். "நடிக்கச் சொல்லுறாய்."

"அதுதானே உங்கடை தொழில்," என்றாள். "எங்களிட்டை வடிவாய்ச் செய்தனீங்கள்."

அப்பா கையைக் கழுவிவிட்டு வெளியே போனார். சாளரத்தால் பார்த்தேன். பனி கரைந்து, வாசலில் போட்ட சரளைக்கல் மட்டும் கிடந்தது. அதைக் காலால் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டு நின்றார். பேசிப் பார்க்கிறாரோ என்று வாயைக் கவனித்தேன். மூடியிருந்தது.

சனிக்கிழமை தோர்கைர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்தான். கறுவா பன் ஒரு பெட்டி கொண்டுவந்தான். மைக்கை மேசையில் பூட்டி, அதற்குப் பஞ்சுத் தொப்பி போட்டு, உயரம் சரியா என்று அப்பாவிடம் கேட்டான். "நான் நின்றுகொண்டுதான் பேசுவேன்," என்று அப்பா நோர்வேஜிய மொழியில் சொன்னார். தோர்கைர் பெரிதாகச் சிரித்து, அது தனக்குத் தெரியும் என்பது போலத் தலையாட்டி, மைக்கை உயர்த்தினான். அவனுடைய சந்தோசம் எனக்கு எரிச்சலாக இருந்தது. எமிலியாவின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் அப்படித்தான்.

திரை வந்தது. கொம்பனிக்காரி எல்லோருக்கும் நன்றி சொன்னாள். பேச வேண்டியது ஓரினின் கடைசி வசனம். கப்பல் தாழ்கிறது, மாலுமிகள் கீழ்த்தளத்தில் அகப்பட்டிருக்கிறார்கள், ஓரின் குழாய்வழியே தன் உதவியாளனிடம் சொல்கிறான்:

"கரை தெரிகிறது என்று அவர்களிடம் சொல். பொய்யாக இருந்தாலும் சொல்."

அவ்வளவுதான். இரண்டு வசனங்களுக்கு நடுவே ஓரின் நிற்பான். அந்த இடைவெளியைப் பற்றி தோர்கைரின் தளத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள்.

கொலின் முதலில் பேசினான். பரவாயில்லை. வயதால் குரல் கரகரத்திருந்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினான். இவ்வளவு காலம் சொல்லிச் சொல்லி அவனுக்கு அது வந்துவிட்டது. முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"அந்த இடைவெளி," என்றான், "அந்தக் கிழமை என் தாய் இறந்திருந்தாள். அடுத்த வரியைச் சொல்ல வாய் வரவில்லை. இயக்குநர் அதை அப்படியே வைத்துக்கொண்டாள்."

கொம்பனிக்காரி நெஞ்சில் கையை வைத்தாள். அப்பா முகட்டைப் பார்த்தார். அந்த இடைவெளி எப்படி வந்தது என்று அவர் பிறகு ஒருநாள் எனக்குச் சொன்னார். முதல் வரியோடு தாள் முடிந்தது. அடுத்த தாள் கீழே ஒட்டிக்கொண்டிருந்தது. சத்தம் வராமல் அதைப் பிரிக்க அவ்வளவு நேரம் எடுத்தது. "கொலின் பொய் சொன்னானோ?" என்று கேட்டேன். "இல்லை," என்றார். "அவன் அதை நம்புறான். நல்லாய் இருக்குத்தானே, தாய் செத்தது."

"சூசை... சூசரட்னம் அவர்களே," என்றாள் திரையில் இருந்தவள். "நீங்கள் ஆயத்தமானதும்."

அப்பா எழுந்தார். ஒரு மிடறு சுடுதண்ணீர் குடித்தார். கால்களை அகட்டி, தோளைத் தளர்த்தி, மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றார். அந்த நிலையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது, இந்த மனிதர் இந்த வேலையைச் செய்திருக்கிறார் என்று. இதற்கு முன் நான் அதைக் கேள்விப்பட்டிருந்தேன். நம்பியிருந்தேன் என்று சொல்ல முடியாது. எமிலியா கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் பேசிவிடுவார் என்று நினைத்தாள். நானும் நினைத்தேன். பேசவேண்டும் என்று விரும்பினேன். அம்மாவைப் பார்க்காமல் விரும்பினேன்.

அப்பா பேசினார்.

தலையை ஆட்டிக்கொண்டு, நாக்கை மடித்து, ஒவ்வொரு சொல்லையும் உருட்டி, அவசரமாக, இடைவெளி இல்லாமல். அவர் வாழ்க்கையில் அப்படி ஆங்கிலம் பேசியதில்லை. வெள்ளிக்கிழமைகளில் பஸ்ஸின் பின்சீட்டில் இருக்கும் வெறிகாரர்கள் அவரைப் பார்த்துச் செய்துகாட்டும் குரல் அது. தொலைக்காட்சியில் கடைக்கார இந்தியனுக்குக் கொடுக்கும் குரல். முடிவில் ஒரு இருமலும் போட்டார்.

கொலின் சிரித்தான். கெட்ட சிரிப்பு அல்ல. பிள்ளையின் பாட்டைக் கேட்டுச் சிரிப்பது போல.

தோர்கைர் பாதி எழுந்து நின்றான். "பதற்றம்," என்று திரைக்குச் சொன்னான். பிறகு அப்பாவிடம், "பரவாயில்லை. இன்னொருமுறை. தேவாலயத்தில் வாசிப்பது போல வாசியுங்கள். அவ்வளவுதான்."

அப்பா இன்னொருமுறை பேசினார். அதே குரல். அதே இடத்தில் அதே தடுக்கல், அதே இருமல். பதற்றத்தில் கெடுத்தவனால் இரண்டாம் முறை அச்சொட்டாக அப்படியே கெடுக்க முடியாது. அதற்குப் பெரிய தொழில் தெரிந்திருக்க வேண்டும். கொலினின் சிரிப்பு நின்றது. தன் திரைக்கு முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து அப்பாவைப் பார்த்தான்.

"பொறுங்கள்," என்றான். "உங்களை எனக்குத் தெரியும். ஹொங்கொங்கில்... கீழ்க்கடையிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்த பையன் நீங்கள்தானே?"

எமிலியா அப்பாவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். இதை அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. ஓரின் என்றாலும் ஹொங்கொங், தேத்தண்ணிப் பையன் என்றாலும் ஹொங்கொங்தான். தோர்கைர் நம்பிக்கையோடு அப்பாவைப் பார்த்தான். அப்பா ஓரினாக இல்லாவிட்டாலும் அந்த அறையில் நின்றவராக இருந்தால் அவனுக்குக் கொஞ்சம் மிஞ்சும்.

"இல்லை சேர்," என்றார் அப்பா. "நான் ஹொங்கொங்கைக் கண்டதே இல்லை."

"நிச்சயமாகவா? அந்த முகம்..."

"அந்த வருடங்களில் நான் இராணுவச் சிறையில் இருந்தேன் சேர்."

அதையும் அவர் அந்தக் கோமாளிக் குரலில்தான் சொல்லவேண்டியிருந்தது. நடுவில் மாற்ற முடியாது. தலையை ஆட்டிக்கொண்டு, சொல்லை உருட்டிக்கொண்டு சொன்னார். கொம்பனிக்காரி திடுக்கிட்டு, மிகவும் வருந்துகிறேன் என்றாள். அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தண்ணீர்த் தொட்டியைப் பற்றிச் சொன்னார். இரும்புக் கட்டிலைப் பற்றிச் சொன்னார். பெரியப்பா பிலேந்திரனை என்ன செய்தார்களோ அதையெல்லாம், ஒன்றும் விடாமல், கடைக்கார இந்தியனின் குரலில் சொன்னார். குசினி வாசலில் அம்மா சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது.

கொலின் நாற்காலியில் பின்னால் சாய்ந்தான். "என் தவறு," என்றான். "எல்லா முகமும் ஒன்று போலத் தெரிகிற வயது எனக்கு."

கொம்பனிக்காரி இரண்டு பேருக்கும் நன்றி சொன்னாள். முடிவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. திரை கறுத்தது.

எமிலியா எழுந்து அப்பாவின் தோளில் கைவைக்கப் போனாள். அவர் தண்ணீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு விலகினார். அவள் கையை என்ன செய்வதென்று தெரியாமல் பன் பெட்டியை மூடினாள்.

தோர்கைர் மைக்கைக் கழற்றினான். வயரைச் சுற்றுவதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. சுற்றி, அவிழ்த்து, திரும்பச் சுற்றினான்.

"ஏன் ஓம் என்று சொன்னீர்கள்?" என்று கேட்டான்.

அப்பா அவனிடம் தன் வழக்கமான நோர்வேஜிய மொழியில், தாழ்ந்த குரலில் சொன்னார்: "நீ கேட்டபோது மிகவும் சந்தோசமாக இருந்தாய்."

"நான் எல்லோருக்கும் எழுதிவிட்டேன்."

"மன்னித்துக்கொள்."

"அந்தக் குரல்... அன்று தேவாலயத்தில்..."

"கசெற் பார்த்துப் பழகியது. எனக்கும் அந்தப் படம் பிடிக்கும்."

தோர்கைர் அதை ஏற்றுக்கொண்டான். ஆங்கிலத்தைக் கசெற்றில் பழகிய ஒருவனுக்கு அதை நம்புவது கஷ்டமல்ல. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் திட்டுகிற ஆளில்லை. சப்பாத்துப் போடக் குனிந்தவன் நிமிர்ந்து கேட்டான்:

"சிறையில் இருந்தது உண்மைதானே?"

"உண்மை," என்றார் அப்பா.

"அப்படியொரு வாழ்க்கையை வாழ்ந்த மனிதர், ஏன் ஒரு கார்ட்டூன்காரனாக இருக்க ஆசைப்பட்டீர்கள்?"

அவன் உண்மையாகவே கேட்டான். கண் கலங்கியிருந்தது. அப்பா அவன் மேலங்கியை எடுத்துக் கொடுத்தார்.

"ரோல்ஸ் பொரிச்சனான், கொண்டுபோகச் சொல்லுங்கோ," என்று குசினியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார். அப்பா அதை மொழிபெயர்க்கவில்லை.

வாசற்படியில் தோர்கைர் திரும்பினான். "நாளைக்கு நீங்கள்தானே வாசகம்? நான் வருவேன். எனக்குக் கோபமில்லை என்று உங்களுக்குத் தெரியவேண்டும்."

"நான் இனி வாசிக்கமாட்டேன்," என்றார் அப்பா.

"ஏன்? நன்றாக வாசிக்கிறீர்களே."

"தொண்டை சரியில்லை. வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிப் பங்குச் சுவாமியாரிடம் சொல்லியாகிவிட்டது."

அவர் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. அந்த நிமிடத்தில் எடுத்த முடிவு அது. தோர்கைர் முன்வாங்கில் இருக்க, அப்பா வாயைத் திறந்தால், முதல் வரியிலேயே அவனுக்குத் தெரிந்துவிடும். எனக்குப் பின்னால் நின்ற எமிலியாவுக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். "அப்பா, அது வேண்டாம், அதை விடாதேங்கோ," என்று தமிழில், மெதுவாகச் சொன்னாள்.

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. தோர்கைரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவன் மைக் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சரளைக்கல் மேல் நடந்தான். வீதி விளக்கடியில் ஒருமுறை நின்று கையைத் தூக்கினான். அப்பாவும் கையைத் தூக்கினார். பிறகு கதவைச் சாத்தி, மேல்பூட்டைத் திருப்பி, கீழ்ப்பூட்டையும் திருப்பினார்.